பழைய பார் சைக்கிளை ஃபிக்ஸட் ஆக்கிய பிறகு: டொக் சத்தம், ஆட்டம், வழுக்கல்

ஃபிக்ஸட் வண்டியில் ஃப்ரீவீல் கிடையாது, பின் சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும், பெடலைப் பின்னே அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். 28 அங்குலப் பார் சைக்கிளின் இரும்பு ஃபிரேம் அதற்கு நன்றாகப் பொருந்தும். பின் ஆக்சில் உட்காரும் இடுக்கு பின்பக்கம் திறந்திருப்பதால், சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தாலே செயின் இறுகிவிடும். புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை ஏற்றம் என்று சொன்னால் மேம்பாலங்களும் ஆற்றுப் பாலங்களும்தான். முன்னே 44 பல், பின்னே 18 பல் போட்டால் போதும். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் நகரும், எதிர்க்கடல் காற்றிலும் மிதிக்கலாம்.

சிக்கல் பாகங்களில் இருக்கிறது. அந்த வண்டியின் காட்டர் பின் (பெடலைத் தாங்கும் கிராங்க்கை ஆக்சிலோடு பிடிக்கும் ஆப்பு), ஆக்சில் நட்டு, ஹப் மரை எல்லாமே முன்னோக்கி மிதிப்பதைத் தாங்கச் செய்தவை. ஃப்ரீவீல் இருந்தவரை பின்னோக்கிய விசை எந்தப் பாகத்துக்கும் போனதில்லை. ஃபிக்ஸட்டில் வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் செயினின் கீழ்ப்பாதி இழுபடுகிறது, எல்லாப் பாகங்களும் எதிர்த்திசையில் தள்ளப்படுகின்றன. வருடக்கணக்காக ஒரே பக்கம் சாய்ந்து அமுங்கிக் கிடந்த ஆட்டமெல்லாம் அப்போது வெளியே வரும். அதனால் எந்தக் கோளாறானாலும் முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: முன்னே மிதிக்கும்போது வருகிறதா, பின்னே அழுத்தும்போதா, இரண்டுக்கும் மாறும் அந்த நொடியிலா?

சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை

காதை நம்பாதீர்கள். இரும்புக் குழாய் சத்தத்தைக் கடத்திக்கொண்டுபோய் வேறு இடத்தில் கேட்க வைக்கும். எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை என்றால் காட்டர் பின், பெடல், பிபி (கிராங்க் ஆக்சில் சுற்றும் பேரிங்), செயின் வீல் (முன் பல்சக்கரம்) இவற்றில் ஒன்று. 44-க்கு 18 போட்ட வண்டியில் பெடல் ஒருமுறை சுற்றினால் பின் சக்கரம் சுமார் 2.4 முறை சுற்றும். அந்தக் கணக்கில் வந்தால் ஹப், போக்ஸ், ரிம் ஒட்டு. 110 கண்ணி செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றிவர இரண்டரைப் பெடல் சுற்று ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் ஒருமுறை வந்தால் செயின். செயினின் ஒரு கண்ணியில் சாக்பீஸ் தடவிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், குழப்பம் தீரும்.

சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கும்போது சத்தம் நின்றுவிட்டால் அது சீட் ஸ்பிரிங். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் சுற்றும்போது வராமல், ஆள் ஏறினால் மட்டும் வந்தால் முதலில் காட்டர் பின்னையே சந்தேகியுங்கள்.

ஸ்டாண்டில் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஃபிக்ஸட் செயின் கை மாட்டினாலும் நிற்காது. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது துணியால் செயின் துடைத்து விரல் போனவர்கள் உண்டு. செயினைத் தொட வேண்டுமானால் சக்கரம் நிற்க வேண்டும். இதே காரணத்துக்காக வேட்டி, லுங்கியோடும் ஃபிக்ஸட் ஓட்டக் கூடாது.

மிதித்தால் ஒரு டொக், பின்னே அழுத்தினால் இன்னொரு டொக்

பழைய வண்டியில் ஃபிக்ஸட் போட்டவர்களுக்கு முதலில் வரும் கோளாறு இதுதான். இரண்டு கிராங்க்கையும் இரண்டு கையால் பிடித்து, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஒரு கிராங்க் மற்றதைவிடத் தனியாக அசைந்தால் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து இடம் வலமாக ஆடினால் அது பிபி ஆட்டம், பின்னைத் தொட வேண்டாம்.

காட்டர் பின் ஓர் ஆப்பு. அதன் சாய்ந்த தட்டைப் பக்கம் பிபி ஆக்சிலில் வெட்டிய தட்டையின் மேல் முழுதாகப் படிந்தால்தான் பிடிக்கும். கடையில் கிடைக்கும் பின் பெரும்பாலும் முழுதாகப் படியாது, ஓரத்தில் மட்டும் தொடும். முன்னோக்கி மட்டும் மிதித்தால் அந்த ஓரமே தாங்கிக்கொள்ளும். பின்னோக்கியும் அழுத்தினால் இரண்டு நாளில் நசுங்கிவிடும்.

வாங்கும்போது அளவு பாருங்கள். இங்கிலீஷ் வகை 9.5 மி.மீ., பிரெஞ்சு வண்டிக்கு 9 மி.மீ. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஜோடியாக வாங்குங்கள். ஒன்றின் சாய்வு கூடவும் ஒன்றின் சாய்வு குறையவும் இருந்தால் இரண்டு கிராங்க்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

பழைய பின்னைக் கழற்றும்போது நட்டை முழுதும் எடுத்துவிட்டு மரை மேல் அடிக்காதீர்கள். முனை விரிந்து ஓட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். நட்டைப் பின் முனையோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்தி, துரு கழற்றும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். உள்ளே நட்டின் மேல் ஒரு கட்டை வைத்து, பின்தலையை வாங்கிக்கொள்ள எதிர்ப்பக்கம் ஒரு சாக்கெட் வைத்து, வைஸால் நெருக்கித் தள்ளுவது சிறந்தது. சுத்தியலால்தான் செய்ய முடியும் என்றால், கிராங்க்கின் அடியில் தரையில் ஊன்றிய கனமான இரும்புக் குழாய்த் துண்டு இருக்க வேண்டும். அது இல்லாமல் அடிக்கும் ஒவ்வோர் அடியும் பிபி பால்ரஸ் வழியாகக் கப்பில் (பால்ரஸ் உருளும் கிண்ணத்தில்) குழி விழவைக்கும். பின்னைச் சரிசெய்யப் போய் பிபியைக் கெடுத்துக்கொள்வது இந்த ஊர்க் கடைகளில் தினமும் நடக்கிறது.

புதுப் பின்னின் தட்டையில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து உள்ளே லேசாகத் தட்டி வெளியே எடுங்கள். எங்கே கறுப்பு அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. அந்த இடத்தை மெல்லிய அரத்தால் தேய்த்து மறுபடி போட்டுப் பாருங்கள். தட்டையின் முக்கால் பங்காவது படிய வேண்டும். அரத்தை உருட்டாமல் நேராகத் தள்ளுங்கள், தட்டை வளைந்துவிட்டால் அந்தப் பின் வீண்.

பொருத்தும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். ஒரு பக்க நட்டு மேலே பார்த்தால் மறுபக்க நட்டு கீழே பார்க்கும். ஒரே திசையில் போட்டால் கிராங்க் கோணலாக நிற்கும், மிதிக்கும்போது நொண்டுவதுபோல் இருக்கும். குழாய்த் துண்டைக் கீழே ஊன்றி நன்றாக அடித்து இறக்கிய பிறகுதான் நட்டு. அந்த நட்டுக்குப் பின்னை இழுக்கும் வலு கிடையாது, விழாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. முறுக்கி இழுத்தால் மரை வழுக்கும். ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி குழாய் ஊன்றி அடித்து நட்டைப் பிடியுங்கள். இந்த இரண்டாவது அடிதான் பின்னை நிலைக்க வைக்கும், பெரும்பாலானவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் செய்தும் ஒரு வாரத்தில் தளர்ந்தால் ஆக்சிலின் தட்டையோ கிராங்க் ஓட்டையோ தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கிறது. இனி எந்தப் பின்னும் நிற்காது, ஆக்சிலை அல்லது கிராங்க்கை மாற்ற வேண்டும். காட்டர் கிராங்க் போட்ட வண்டியில் கால் பிடித்துச் சறுக்கி நிறுத்தும் வித்தை வேண்டவே வேண்டாம். பின் உடைவது எப்போதும் அந்தக் கணத்தில்தான்.

பின்னே அழுத்தினால் பல்சக்கரம் கழன்று கால் சும்மா சுற்றுகிறது

உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். சாதாரணப் பின் ஹப்பின் மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலது மரை. முன்னே மிதித்தால் இறுகும், பின்னே அழுத்தினால் கழலும். ஃபிக்ஸட்டுக்கென்றே செய்த ஹப்பில் இதற்கு வெளியே இரண்டாவது படி ஒன்று இருக்கும், 1.29 அங்குல இடது மரை. அதில் இடது மரை லாக்ரிங் (பூட்டு வளையம்) ஏறும். பல்சக்கரம் கழலத் தொடங்கினால் லாக்ரிங்கைத் தள்ளும், அந்தத் தள்ளல் லாக்ரிங்கை இறுக்கத்தான் செய்யும். வண்டி நிற்பதே இந்த எதிர் மரையால்தான்.

நம் ஊரில் நடக்கும் மாற்று வழி ஃப்ரீவீலின் உள்ளும் வெளியும் வெல்டிங் வைத்து ஒன்றாக்குவது. ஃப்ரீவீல் சுற்றாது, உண்மைதான். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் மரை அதே வலது மரை. பின்னே அழுத்தினால் வெல்டிங் வைத்த மொத்தமும் சேர்ந்து கழலும். சூட்டில் பல்லின் கடினமும் போய்விடும். இன்னொரு வழி, பிபியின் லாக்ரிங்கைக் கொண்டுவந்து பல்சக்கரத்துக்கு வெளியே ஏற்றுவது. மரை அளவு சேரும், ஆனால் அதுவும் வலது மரைதான். பல்சக்கரம் கழன்றால் அதுவும் கூடவே கழலும். மரைப் பசை கொஞ்சம் தாமதப்படுத்தும், தடுக்காது. முன்னும் பின்னும் நல்ல பிரேக் இருக்கும் வண்டியில்கூட இதைப் பரிந்துரைக்க மாட்டோம். கழன்ற செயின் பல்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மாட்டினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

சரியான வழி, ஃபிக்ஸட்டுக்கென்றே செய்த, படி வைத்த டிராக் ஹப். அதன் அகலம் 120 மி.மீ. பார் சைக்கிளின் பின் இடைவெளி அதைவிடக் குறைவு, அளந்து பாருங்கள். இரும்பு ஃபிரேமை மட்டும் குளிரிலேயே விரிக்கலாம், அலுமினியத்தில் கூடாது. ஒரு மரைக் கம்பியை இரண்டு இடுக்கிலும் நுழைத்து உள்பக்கம் நட்டு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். இரும்பு திரும்பி வரும் என்பதால் 120-ஐத் தாண்டித் தள்ளி விட்டு விட்டு அளக்க வேண்டும். பிறகு ஒரு நூலை ஓர் இடுக்கில் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறு இடுக்குக்கு இழுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலும் சம தூரத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக விரிந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் விரிந்திருந்தால் சக்கரம் நேராக நிற்கவே நிற்காது.

டிராக் ஹப்பின் பின் ஆக்சில் 10 மி.மீ. பழைய இடுக்கு பெரும்பாலும் அங்குலத்தின் எட்டில் மூன்று பங்கு, அதாவது 9.5 மி.மீ. மேலும் கீழும் சமமாக அரத்தால் தேய்த்தால் போகும். ரிம்மிலும் ஒரு கணக்கு உண்டு. 28 அங்குல வண்டிக்கு முன் ரிம்மில் 32 ஓட்டை, பின் ரிம்மில் 40. டிராக் ஹப் 32 அல்லது 36-ல் வரும். எனவே 32 ஓட்டை ஹப் வாங்கி, முன் ரிம் ஒன்றைப் பின்னுக்குக் கோக்கலாம்.

பல்சக்கரத்தைக் கிரீஸ் தடவி ஏற்றி, செயின் சாட்டையால் (செயின் துண்டு பொருத்திய கைப்பிடிக் கருவி) இறுக்கி, லாக்ரிங்கைக் கொக்கி ஸ்பானரால் பிடியுங்கள். பிறகு அரும்பார்த்தபுரம் மேம்பாலம்போல ஓர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்து வந்தால் பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் இறங்கும், லாக்ரிங் தளரும், அதை மறுபடி பிடிக்க வேண்டும். செயின் சாட்டை இல்லையென்றால் பிபி கூட்டில் தடித்த துணி சுற்றி, செயின் வீலிலிருந்து கழற்றிய செயினை அதன் மேல் சுற்றி, பல்சக்கரத்தில் மாட்டி, சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்புங்கள். பல்சக்கரம் நிற்க, ஹப் மட்டும் திரும்பி மரை இறுகும். நல்ல பலம் கிடைக்கும், மரை பழையதென்றால் நிதானம் வேண்டும்.

செயின் ஓர் இடத்தில் இறுகுகிறது, ஓர் இடத்தில் தொங்குகிறது

பழைய செயின் வீல் அச்சில் அழுத்தி எடுத்த தகடு, முழு வட்டமாக இருக்காது. பின் சக்கரத்தை எப்போதும் செயின் மிக இறுகும் நிலையில் வைத்தே பொருத்துங்கள். அந்த இடத்தில் நடுவில் விரலால் அழுத்தினால் செயின் மேலும் கீழுமாகச் சுமார் 10 மி.மீ. அசைய வேண்டும். துளிகூட அசையாத செயின் பிபியையும் ஹப்பையும் தின்றுவிடும். பெடலைச் சுற்றித் தொங்கும் இடத்துக்கு வரும்போது 20 மி.மீ.க்கு மேல் போனால் செயின் வீலை மாற்றும் நேரம். போல்ட்டில் நிற்கும் செயின் வீல் என்றால் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, இறுகும் இடத்தில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி மையத்துக்குக் கொண்டுவரலாம்.

எல்லா இடத்திலும் தொங்கினால் தேய்மானத்தை அளங்கள். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பல்லும் போயிருக்கும், புதுச் செயின் அதில் குதிக்கும். அகலம் எட்டில் ஒரு அங்குலச் செயின்தான் வேண்டும், கியர் வண்டிச் செயின் இந்தப் பல்லில் இறங்காது. நீளம் சேராமல் ஆக்சில் இடுக்கின் ஓரத்துக்குப் போனால் அரைக் கண்ணி ஒன்று சேர்த்தாலோ எடுத்தாலோ ஆக்சில் கால் அங்குலம் நகரும். இணைப்புக் கண்ணியின் கிளிப் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

செயின் விழுந்துகொண்டே இருந்தால் தொய்வை மட்டும் பார்க்காதீர்கள், வரிசையையும் பாருங்கள். சீட் குழாயின் நடுவிலிருந்து செயின் வீல் பல் எவ்வளவு தூரம், ஃபிரேம் நடுவிலிருந்து பின் பல் எவ்வளவு தூரம் என்று அளந்து ஒப்பிடுங்கள். டிராக் ஹப்பில் இது 42 மி.மீ. அளவில் இருக்கும். இரண்டுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பிபி ஆக்சிலையோ ஹப்பின் வாசர்களையோ மாற்றி நேராக்குங்கள்.

பின் சக்கரம் கோணி இடது குழாயில் உரசுகிறது

செயின் வலது பக்கத்தில் முன்னுக்கு இழுக்கிறது, வலது ஆக்சில் வழுக்குகிறது. இடுக்கின் இரண்டு முகத்திலும் பெயிண்ட்டும் கிரீஸும் இருந்தால் எந்த நட்டும் பிடிக்காது, சுரண்டி வெறும் இரும்பாக்குங்கள். பல் வைத்த வாசர் போட்டு, நீளக் கைப்பிடி ஸ்பானரால் பிடியுங்கள். பார் சைக்கிளோடு வந்த செயின் அட்ஜஸ்டரைத் தூக்கி எறியாதீர்கள். அதை வலது பக்கத்தில் மட்டும் மாட்டினாலே போதும்.

பிபியின் வலது கப் திரும்பத் திரும்பக் கழல்கிறது

இங்கிலீஷ் முறையில் வலது கப் இடது மரை. மிதிக்க மிதிக்க இறுகும். அது கழல்கிறது என்றால் ஃபிரேம் பிரெஞ்சாக இருக்கலாம், மற்ற ஊர்களைவிடப் புதுச்சேரியில் இதை எதிர்பார்க்க வேண்டும். பெஜோ, மோட்டோபெக்கான், ஜிட்டான் போன்ற பழைய பிரெஞ்சு ஃபிரேம்களில் பெரும்பாலும் 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி மரை, இரண்டு பக்கமும் வலது மரை. மிதிக்கும் விசையில் வலது கப் தானாகத் தளரும். இங்கிலீஷ் கப் 34.8 மி.மீ. விட்டம், 24 மரை. 0.2 மி.மீ. வித்தியாசத்தை வெர்னியரில் தேய்ந்த கப்பில் கண்டுபிடிக்க முடியாது. மரை அளவுச் சீப்பு வைத்துப் பாருங்கள், அல்லது எந்தப் பக்கம் திருப்பினால் வருகிறது என்று பாருங்கள். இடது மரை கப்பை வலது மரைக் கூட்டில் ஸ்பானர் பலத்தால் ஏற்றினால் கூடு கெட்டது.

பிரெஞ்சுதான் என்று உறுதியானால் கப்பைச் சுத்தமாகத் துடைத்து, மரைப் பசை போட்டு, தடிமனான போல்ட்டையும் வாசர்களையும் வைத்து நெருக்கி, இருக்கும் பலம் முழுதும் கொடுத்துப் பிடியுங்கள். இங்கிலாந்தின் பழைய ராலே ஃபிரேமில் வேறு சிக்கல். விட்டம் ஒன்றுதான், ஆனால் மரை 26. சாதாரண 24 மரை கப் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். அங்கேயே நிறுத்துங்கள், பழைய கப்பையே சுத்தம்செய்து வையுங்கள்.

பெடலிலும் இதே கதை. காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் எடுத்த பெடல் கிராங்க்கில் தளர்வாக ஏறி ஆடினால், அது 14 மி.மீ. பிரெஞ்சுப் பெடலாக இருக்கலாம். இங்கிலீஷ் பெடல் அங்குலத்தில் பதினாறில் ஒன்பது, அதாவது 14.3 மி.மீ. ஆடும் பெடலோடு ஓட்டினால் கிராங்க் மரை போகும். மாறாக, பிரெஞ்சுக் கிராங்க்கில் இங்கிலீஷ் பெடல் ஏறாவிட்டால் டாப் போட்டு விரிக்கலாம். இடது பக்கத்துக்கு இடது மரை டாப் வேண்டும்.

கையால் சுற்றினால் மணல் அரைப்பதுபோல் இருக்கிறது

கடற்கரை ஊரில் இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம், ஓவராயில் பண்ண வேண்டும். உப்புக்காற்று ஒருபுறம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஹப் மூழ்கும் அளவு தண்ணீரில் ஓட்டுவது ஒருபுறம். பழைய ஹப்பில் ரப்பர் சீல் கிடையாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கட்டாயம் பிரிக்க வேண்டும், தண்ணீரில் இறங்கிய வண்டியை அந்த வாரமே பிரிக்க வேண்டும்.

பால்ரஸ் கணக்கு: பிபியில் பக்கத்துக்கு கால் அங்குலம் 11, பின் ஹப்பில் கால் அங்குலம் 9, முன் ஹப்பில் பதினாறில் மூன்று அங்குலம் 10. உங்கள் வண்டியிலிருந்து விழுந்தவற்றையும் எண்ணுங்கள், முன்னே பிரித்தவர் ஒன்று கூடப் போட்டிருக்கலாம். பொது விதி, முழுதாக நிரப்பி ஒன்றை எடுத்துவிடுவது. பழைய பால்ரஸைக் கழுவி மறுபடி போடாதீர்கள், புதியது மிக மலிவு. மண்ணெண்ணெயில் கழுவிய கப்பிலும் கோனிலும் (ஆக்சிலில் ஏறும் கூம்பு நட்டு) பேனா முனையை ஓட்டிப் பாருங்கள். முனை தட்டுப்பட்டால் குழி இருக்கிறது, கோனை மாற்றுங்கள். கிரீஸைப் பொறுத்தவரை தேங்காய்த்திட்டு அல்லது கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் படகுச் சாமான் விற்கும் கடையில் தண்ணீரில் கரையாத கிரீஸ் கேட்டுப் பாருங்கள். சாதாரணக் கிரீஸைவிட மழைக்குத் தாங்கும்.

கோனை விரலால் இறுக்கிக் கொஞ்சம் பின்வாங்கி லாக் நட்டைப் பிடியுங்கள். லாக் நட்டு பிடிக்கும்போது கோன் இன்னும் சற்று நெருங்கும் என்பதால் இரண்டு மூன்று முறை செய்துதான் சரியான இடம் கிடைக்கும். சக்கரத்தின் வால்வு தானாகக் கீழே வந்து ஆடி நிற்க வேண்டும், ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது.

பஞ்சர் இல்லை, காலையில் காற்று இல்லை

நம் ஊர்ச் சைக்கிள் டியூபின் வால்வில் இருக்கும் வால் டியூப் என்ற சிறு ரப்பர் குழாய் வெயிலில் வெடித்திருக்கும். எச்சில் தொட்டு வால்வு வாயில் வையுங்கள், குமிழி வரும். புது ரப்பரை அடிவரை இழுத்து விடுங்கள், பாதியில் நின்றால் அன்றே இறங்கும்.

டயர் ரிம்மில் உட்காரவே மறுக்கிறதா? எழுதியிருக்கும் அங்குலத்தை மறந்துவிட்டுப் பக்கச் சுவரில் இருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். பார் சைக்கிளின் 28 × 1½ டயர் 635. புதிய வண்டிகளின் 700சி என்பது 622, அதையும் 28 என்றே எழுதுவார்கள், சேராது. பிரெஞ்சு வண்டியின் 650பி என்பது 584, 650ஏ என்பது 590. இவற்றுக்கு டயர் தேட வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். 26 × 1½ டயரில் 584 என்றும், 26 × 1⅜ டயரில் 590 என்றும் அச்சாகியிருந்தால் அப்படியே உட்காரும்.

பின் டயர் ஒரே இடத்தில் மட்டும் தேய்கிறது என்றால் பல் கணக்கைப் பாருங்கள். காட்டர் இல்லாத கிராங்க் வைத்துச் சறுக்குபவர்களுக்கே இது பொருந்தும். 48-க்கு 16 என்பது சரியாக மூன்று மடங்கு, ஒவ்வொரு சறுக்கலிலும் டயரின் அதே இடம் தரையில் படும். 44-க்கு 18 சுருங்கினால் 22-க்கு 9, ஒன்பது இடம். 46-க்கு 17 என்றால் பதினேழு இடம்.

பிரேக் பிடிக்கவில்லை

ஃபிக்ஸட்டிலும் முன் பிரேக் கட்டாயம். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது. செயின் விழுந்தால் காலால் நிறுத்த ஒன்றும் இருக்காது. ராட் பிரேக் ரிம்மின் ஓரம் உருண்டது, கட்டை உள்பக்கமாக மேலே இழுத்துப் பிடிக்கும். அதில் காலிப்பர் பிரேக் மாட்டினால் பிடிக்கப் பரப்பே இல்லை. அதனால் இந்த ரிம் இருக்கும்வரை ராடையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டை மட்டும் உரசினால் ஃபோர்க்கில் இருக்கும் கைடைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முன் சக்கரத்தின் கோட்டத்தை முதலில் எடுத்துவிட்டுத்தான் கட்டையை நெருக்க வேண்டும். குரோம் ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும், எந்தச் சரிசெய்தலும் அதை முழுதாகத் தீர்க்காது. மழையில் மெதுவாகப் போவதுதான் வழி.

ஹேண்டில் நேராக வரும்போது பள்ளத்தில் விழுந்ததுபோல் நிற்கிறது

ஃபோர்க்கின் கீழ் கப்பில், நேராகப் போகும் நிலையில் பால்ரஸ் குழி போட்டுவிட்டது. கீழ் கப்பைத் தட்டி எடுத்துச் சற்றே திருப்பிப் போட்டால் குழிகள் வேறு இடத்துக்குப் போய்விடும். கொஞ்ச காலத்துக்கு நன்றாக ஓடும், நிரந்தரம் என்றால் புது செட்.

அதற்கு ஹேண்டில் தண்டை எடுக்க வேண்டும், உப்புக்காற்றில் அது ஒட்டிப் போயிருக்கும். மேல் போல்ட்டை முழுதும் கழற்றாமல் நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, மரக்கட்டை வைத்துப் போல்ட் தலையில் ஓங்கித் தட்டுங்கள். உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும்போது போல்ட் சட்டென்று கீழே இறங்கும். பிறகு முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து ஹேண்டிலை இடம் வலமாகத் திருப்பி எடுங்கள். பிரெஞ்சு ஃபோர்க்கில் இந்தத் தண்டு 22.0 மி.மீ., மற்றவற்றில் 22.2. புதுத் தண்டு இறங்காவிட்டால் அடிக்காமல் உப்புத்தாளால் சுற்றித் தேய்த்து இறக்குங்கள். திருப்பிப் போடும்போது தண்டிலும் ஆப்பிலும் கிரீஸ் தடவி, குறைந்தது ஆறரை செ.மீ. உள்ளே இருக்குமாறு வையுங்கள்.